ரோஷமும் நிதானமும்: குத்துச்சண்டை வீரரின் மனவுறுதியை எடைபோடுவது எப்படி?

தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒரு சுற்று மூன்று நிமிடம். இரண்டு சுற்றுகளுக்கு இடையே ஒரு நிமிட ஓய்வு. உலகப் பட்டத்துக்கான ஆண்கள் போட்டி 12 சுற்று. பெண்களுக்குப் பெரும்பாலும் இரண்டு நிமிடச் சுற்றுகள் பத்து. ஒரு வீரரின் எடையைத் தராசு சொல்லிவிடும். கண், இதயம், மூளையின் நிலையை மருத்துவர் சொல்லிவிடுவார். கைவேகத்தையும் குத்தின் கனத்தையும் பயிற்சிக் கூடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். மனவுறுதியை முன்கூட்டி அளந்து சொல்லும் கருவி மட்டும் எங்கும் கிடையாது. இருந்தும், ஒருவரைப் பெரிய போட்டியில் இறக்கலாமா, இன்னும் இரண்டு வருடம் பொறுக்க வேண்டுமா என்ற முடிவு பெரும்பாலும் இந்த அளக்க முடியாத பொருளைச் சுற்றித்தான் நிற்கிறது.

மனவுறுதி என்று பொதுவாகச் சொல்லப்படுவதைப் பிரித்துப் பார்த்தால் அதில் மூன்று தனித்தனி ஆற்றல்கள் இருக்கின்றன. முதலாவது, வலியைப் பொறுத்துக்கொள்வது. இரண்டாவது, பயம் இருக்கும்போதே செய்ய வேண்டியதைச் செய்வது. மூன்றாவது, உடம்பு களைத்துத் தலை கிறுகிறுக்கும் நேரத்திலும் யோசிப்பது. முதலாவதை ரசிகர்கள் எளிதில் பார்த்துவிடுகிறார்கள். அதற்குத்தான் கைதட்டலும் அதிகம். பெரிய போட்டிகளை வென்று தருவதோ பெரும்பாலும் மூன்றாவது.

வடசென்னையின் பழைய குத்துச்சண்டை உலகில் இந்தக் குணத்துக்கு ஒரு பெயர் இருந்தது: ரோஷம். அந்த ஆட்டத்தையே ‘ரோஷமான குத்துச்சண்டை’ என்றுதான் அழைத்தார்கள். துறைமுகத் தொழிலாளர்களும் மீனவர்களும் நிறைந்த பகுதிகளில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று அணிகள் பிரிந்து மோதின. தோற்றால் தோல்வி வீரரோடு நிற்காது. அவரை உருவாக்கிய வாத்தியாரையும் பரம்பரையையும் சேரும். 2021ஆம் ஆண்டு பா. இரஞ்சித் இயக்கிய ‘சார்பட்டா பரம்பரை’ படம் அந்த உலகத்தைத் தமிழர் எல்லாரிடமும் கொண்டுசேர்த்தது. முகமது அலி 1980ஆம் ஆண்டு சென்னை வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியபோது கூட்டம் அலைமோதியதற்கும், 1994ஆம் ஆண்டு பாங்காக் உலகக் கோப்பையில் தமிழக வீரர் தேவராஜன் வெண்கலம் வென்றதற்கும் பின்னால் அந்த நெடிய மரபு இருக்கிறது.

ரோஷம் ஒருவரை மேடையில் ஏற்றிவிடும். 12 சுற்றும் அங்கே நிற்க வைப்பது நிதானம். தெற்கே, குமரி மாவட்டத்திலும் அதை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதிகளிலும் வழங்கும் அடிமுறை என்ற சண்டைக் கலையில் இந்த வித்தியாசம் பயிற்சிக்குள்ளேயே பதிந்திருக்கிறது. சுவடும் அடியும் தடையும் எல்லாச் சீடர்களுக்கும் கிடைக்கும். உயிர்நிலைகளைத் தாக்கும் வர்மத்தை மட்டும் ஆசான்மார் கடைசிவரை கையில் வைத்திருப்பார்கள். பல வருடம் கூடவே வைத்துப் பார்த்து, ஆத்திரப்படாதவன் என்று தெளிந்த பிறகே சொல்லிக்கொடுப்பது அங்கே மரபு. குத்துச்சண்டை வேறு கலை, அதன் விதிகளும் வேறு. ஆனாலும் ஓர் ஆளை எடைபோட வருடக்கணக்கில் பார்க்க வேண்டும், கோபத்தைத் துணிச்சலாக எண்ணிவிடக் கூடாது என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

வெற்றிக் கணக்கு சொல்வதும் மறைப்பதும்

ஒரு வீரரைப் பற்றி முதலில் கண்ணில் படுவது அவருடைய வெற்றி–தோல்விக் கணக்கு. பத்துக்குப் பத்து, இருபதுக்கு இருபது என்று தோல்வியே இல்லாத எண் மிரட்டலாக இருக்கும். அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. தொழில்முறைக் குத்துச்சண்டையில் எதிராளியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் வீரரின் சொந்தத் தரப்பினரே. வளர வேண்டிய இளைஞருக்கு முதலில் நான்கு சுற்று, பிறகு ஆறு, எட்டு, பத்து என்று படிப்படியாகப் போட்டி அமைப்பார்கள். தொடக்கத்தில் வரும் எதிராளிகள் பலர் தோற்பதையே பிழைப்பாகக் கொண்ட அனுபவசாலிகள். இதில் தவறு எதுவும் இல்லை; ஒரு வீரர் அப்படித்தான் வளர முடியும். ஆனால் அந்த வெற்றிகளில் மனவுறுதிக்குச் சோதனை நடந்திருக்காது.

இந்தியாவின் கண்முன் நடந்த எடுத்துக்காட்டு விஜேந்தர் சிங். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று, குத்துச்சண்டையில் நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்தவர். 2015 அக்டோபரில் மான்செஸ்டரில் தொழில்முறைக்கு வந்தார். முதல் ஆறு போட்டிகளிலும் எதிராளிகள் முழுச் சுற்றும் தாக்குப்பிடிக்கவில்லை. அந்த ஆறு வெற்றிகளும் அவருடைய கைவலுவைச் சொல்லின. மனதைப் பற்றி அதிகம் சொல்லவில்லை.

2016 ஜூலை 16ஆம் தேதி டெல்லி தியாகராஜ் அரங்கில் கெர்ரி ஹோப்புடன் நடந்த போட்டியில்தான் முதல் விடை கிடைத்தது. ஹோப் ஒருமுறை ஐரோப்பியப் பட்டம் வென்றிருந்தவர், விழாமல் நிற்கத் தெரிந்தவர். விஜேந்தர் பத்துச் சுற்றும் ஆடிப் புள்ளிக் கணக்கில் வென்று, டபிள்யூபிஓ அமைப்பின் ஆசிய பசிபிக் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி மும்பையில் சீன வீரர் ஜுல்பிகார் மைமைதியாலி இன்னும் கடுமையாகச் சோதித்தார். அதுவும் பத்துச் சுற்று ஓடியது. மூன்று நடுவர்களும் விஜேந்தருக்கே வெற்றி தந்தார்கள். ஆனால் அவர்களில் இருவர் தந்த வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. முன்பு வந்த ஆறு நாக்-அவுட் வெற்றிகளைவிட இந்த இழுபறி வெற்றிதான் விஜேந்தரைப் பற்றி அதிகம் சொன்னது. குத்து பலிக்காத இரவிலும் ஆட்டத்தைக் கைவிடாமல் கடைசி மணிவரை புள்ளி சேர்க்க அவரால் முடியும் என்று அது காட்டியது.

12 வெற்றி, தோல்வியே இல்லை என்ற கணக்கோடு 2021 மார்ச் 19ஆம் தேதி கோவாவில் ஒரு கேசினோ கப்பலின் மேல்தளத்தில் அவர் ரஷ்ய வீரர் ஆர்டிஷ் லோப்சானைச் சந்தித்தார். லோப்சானுக்கு அனுபவம் குறைவு. ஆனால் உயரமானவர், விஜேந்தரைவிட ஒன்பது வயதுவாக்கில் இளையவர். விஜேந்தருக்கு அப்போது 35 வயது. கடைசியாக மேடையேறி 16 மாதம் ஆகியிருந்தது. ஐந்தாம் சுற்றில் போட்டி நிறுத்தப்பட்டது. அந்தத் தோல்வியை மனம் தளர்ந்ததாக எழுதிவிடுவது எளிது. வயது, நீண்ட இடைவெளி, எதிராளியின் உயரம் மூன்றும் சேர்ந்த இடத்தில் மனதை மட்டும் தனியே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது. 2022 ஆகஸ்டில் ராய்ப்பூரில் அவர் மறுபடி மேடையேறி, கானா வீரர் எலியாசு சுல்லேவை இரண்டாம் சுற்றிலேயே வென்றார்.

ஆகவே கணக்கைப் படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எதிராளி யார்? அவர் அப்போது எந்த நிலையில் இருந்தார்? போட்டி யாருடைய ஊரில் நடந்தது? எத்தனை சுற்று ஓடியது? வென்றவர் எந்தக் கட்டத்திலாவது பின்தங்கியிருந்தாரா? கடைசிக் கேள்விக்கு ‘ஒருபோதும் இல்லை’ என்பது பதிலானால், அந்த வீரரின் மனவுறுதி இன்னும் சோதிக்கப்படவில்லை என்றுதான் பொருள்.

அடி விழுந்த பிறகு வரும் பத்து விநாடி

சோதனை தொடங்குவது நல்ல குத்து ஒன்று விழும்போது. தாடையிலோ காதருகிலோ குத்து சரியாக இறங்கினால் கால்களுக்குத் தலையின் கட்டளை போய்ச் சேராது. விழுந்தவர், ரெஃபரி பத்து எண்ணுவதற்குள் எழ வேண்டும். எழுந்ததும் ரெஃபரி கண்ணைப் பார்ப்பார், பக்கவாட்டில் நடக்கச் சொல்வார், கையுறைகளைப் பிடித்துப் பார்ப்பார். எழுந்ததற்காகக் கூட்டம் ஆர்ப்பரிக்கும். உண்மையான தகவல் அதற்கு அடுத்த பத்து விநாடியில் இருக்கிறது.

அவமானத்தில் கொதித்துப் பதிலுக்குப் பதில் வீச ஓடுபவர் பெரும்பாலும் இரண்டாம் முறையும் விழுவார். தெளிவுள்ளவர் எதிராளியைக் கட்டிப்பிடிப்பார், கயிற்றை விட்டு விலகுவார், இடக்கையை நீட்டித் தூரத்தைக் காப்பார், தலை தெளியும்வரை நேரம் வாங்குவார். பார்ப்பவருக்கு இது கோழைத்தனம் போலத் தெரியலாம். ஆனால் அந்த நிலையிலும் யோசிக்க முடிகிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

2018 டிசம்பர் 1ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் டைசன் ஃப்யூரி டியான்டே வைல்டரின் குத்துகளில் இரண்டு முறை விழுந்தார். இரண்டாவது விழுந்தது கடைசிச் சுற்றில். மல்லாந்து கிடந்தவர் எழமாட்டார் என்றே பலரும் நினைத்தார்கள். எண்ணிக்கை முடிவதற்குள் எழுந்தார். எழுந்ததும் வைல்டரைக் கட்டிப்பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, சுற்று முடிவதற்குள் திரும்ப அடிக்கவும் தொடங்கினார். ஒரு நடுவர் வைல்டருக்கும் ஒருவர் ஃப்யூரிக்கும் வெற்றி தந்தார்; மூன்றாமவர் 113–113 என்று சமன் போட்டார். போட்டி டிராவில் முடிந்தது. அதற்குச் சில மாதம் முன்புவரை, இரண்டரை வருடம் மனச்சோர்விலும் போதையிலும் மூழ்கி, உடல் பெருத்து, மேடைப் பக்கமே வராமல் இருந்தவர் ஃப்யூரி. மனநோயால் அவதிப்படுவதும் மேடையில் மன உறுதியோடு இருப்பதும் ஒரே மனிதரிடம் சேர்ந்தே இருக்க முடியும் என்பதை அந்த இரவு காட்டியது.

முகமது அலியிடம் இந்தக் குணம் பல வடிவத்தில் வெளிப்பட்டது. 1973 மார்ச்சில் கென் நார்ட்டனுடன் நடந்த போட்டியில் அவருடைய தாடை உடைந்தது. உடைந்த தாடையோடு 12 சுற்றும் முடித்துப் புள்ளிக் கணக்கில் தோற்றார். அது பொறுமை. 1974 அக்டோபர் 30ஆம் தேதி கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை எதிர்கொண்டபோது வெளிப்பட்டது சிந்தனை. ஃபோர்மன் அதுவரை 40 போட்டியில் தோற்றதே இல்லை. அலியை வென்றிருந்த ஜோ ஃப்ரேசியரையும் நார்ட்டனையும் இரண்டிரண்டு சுற்றில் சாய்த்தவர். அலி இரண்டாம் சுற்றிலிருந்தே கயிற்றில் சாய்ந்து, கைகளால் முகத்தை மூடி, ஃபோர்மன் தன் வலுவைக் கொட்டித் தீர்க்கட்டும் என்று காத்திருந்தார். உலகத்திலேயே கனமான குத்துகள் விலாவில் இறங்கும்போது ‘இன்னும் கொஞ்சம் பொறு’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள முடிந்ததில்தான் அந்த வெற்றி இருக்கிறது. எட்டாம் சுற்றில் ஃபோர்மன் விழுந்தார்.

மூலையில் ஒரு நிமிடம்

தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடும் அந்த ஒரு நிமிட ஓய்வுதான் அனுபவம் உள்ளவர்கள் கூர்ந்து பார்க்கும் நேரம். மணி அடித்ததும் வீரர் மூலைக்கு வந்து ஸ்டூலில் உட்காருகிறார். ஒருவர் பல்காப்பைக் கழற்றிக் கழுவுகிறார். இன்னொருவர் வெட்டுக்காயத்தில் மருந்து தோய்த்த பஞ்சை அழுத்தி, மேலே வாசலின் பூசுகிறார். வீங்கும் இடத்தில் பனிக்கட்டியில் கிடந்த சிறு இரும்புத் தகட்டை வைத்துத் தேய்க்கிறார். பயிற்சியாளர் முகத்துக்கு நேரே குனிந்து இரண்டே இரண்டு விஷயம் சொல்கிறார். அதற்கு மேல் சொன்னால் அந்த நேரத்தில் எந்த மூளையும் வாங்கிக்கொள்ளாது. பத்து விநாடி இருக்கும்போது எச்சரிக்கை ஒலிக்கும். உதவியாளர்கள் வெளியேற வேண்டும்.

அந்த நிமிடத்தில் வீரரின் கண் எங்கே இருக்கிறது? பயிற்சியாளரைப் பார்த்துக் கேட்கிறாரா, எதிர் மூலையை வெறித்துப் பார்க்கிறாரா, தரையைப் பார்க்கிறாரா? சொன்னதை அடுத்த சுற்றின் முதல் நிமிடத்தில் செய்து காட்டுகிறாரா? இரண்டு சுற்றுக்குள் தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்பவர் பெரிய போட்டிக்குத் தயார். மாற்றமே இல்லாமல் அதே அடியை அதே இடத்தில் வாங்கிக்கொண்டே போகிறவர், எவ்வளவு துணிச்சல்காரராக இருந்தாலும், இன்னும் தயாராகவில்லை.

நடுவர்கள் மனவுறுதிக்குத் தனி மதிப்பெண் போடுவதில்லை. சுற்றை வென்றவருக்குப் 10, மற்றவருக்கு 9. விழுந்தால் பொதுவாக 8. சுத்தமாக இறங்கிய குத்து, பலன் தந்த தாக்குதல், தற்காப்பு, ஆட்டத்தைத் தன் பிடியில் வைத்திருப்பது ஆகியவையே அளவுகோல். அடி வாங்கியும் அசராமல் நின்றதற்காக ஒரு புள்ளியும் கிடைக்காது. அதனால் மனவுறுதி என்பது பிற திறமைகளைக் கடைசிச் சுற்றுவரை வேலை செய்ய வைக்கும் சக்தி என்ற அளவில்தான் அட்டையில் ஏறுகிறது.

ஒரே மனிதர், மூன்று இரவுகள்

மனவுறுதி பிறவிக்குணம், ஒருவரிடம் இருக்கும் அல்லது இருக்காது என்று நினைப்பவர்கள் ஹெவிவெயிட் வீரர் பஸ்டர் டக்ளஸின் மூன்று இரவுகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் இரவு 1987 மே. ஐபிஎஃப் அமைப்பின் ஹெவிவெயிட் பட்டத்துக்காக டோனி டக்கருடன் மோதினார். தொடக்கச் சுற்றுகளில் நன்றாக ஆடியவர் பிறகு தளர்ந்து பத்தாம் சுற்றில் வீழ்ந்தார். திறமை இருக்கிறது, நெஞ்சில் உரமில்லை என்ற முத்திரை விழுந்தது.

இரண்டாவது இரவு 1990 பிப்ரவரி 11, டோக்கியோ. எதிரே தோல்வியே அறியாத உலக சாம்பியன் மைக் டைசன். பந்தயக் கணக்கு டக்ளஸுக்கு எதிராக 42க்கு 1. போட்டிக்குச் சில வாரம் முன்புதான் டக்ளஸின் தாய் இறந்திருந்தார். அன்று டக்ளஸ் இடக்கையால் டைசனை எட்டவே விடாமல் சுற்றுக்குச் சுற்று முன்னேறினார். எட்டாம் சுற்றின் முடிவில் டைசனின் கீழிருந்து மேல் வந்த குத்தில் விழுந்தார். எண்ணிக்கையைக் கேட்டபடியே எழுந்தார். ஒன்பதாம் சுற்றில் ஆட்டத்தை மறுபடி தன் பக்கம் இழுத்து, பத்தாம் சுற்றில் டைசனைச் சாய்த்தார். ‘உரமில்லாதவர்’ என்ற தீர்ப்பு ஓர் இரவில் உடைந்தது.

மூன்றாவது இரவு அதே ஆண்டு அக்டோபர் 25. உலக சாம்பியனாக எவாண்டர் ஹோலிஃபீல்டைச் சந்தித்தார். டோக்கியோவில் சுமார் 105 கிலோ இருந்தவர் இப்போது 111 கிலோவைத் தாண்டியிருந்தார். மூன்றாம் சுற்றிலேயே நாக்-அவுட்.

எட்டு மாதத்துக்குள் நெஞ்சுரம் எங்கே போயிற்று என்று கேட்பதைவிட, அந்த எட்டு மாதம் எப்படிக் கழிந்தது என்று கேட்பதே பயன் தரும். விடியற்காலை ஓட்டம், உணவுக் கட்டுப்பாடு, தினமும் ஒரே பயிற்சி என்ற சலிப்பான வேலைகளில்தான் மனவுறுதியின் பெரும் பகுதி செலவாகிறது. யாரும் பார்க்காத அந்த நாட்களில் தளர்ந்தவர், லட்சம் பேர் பார்க்கும் இரவில் திடீரென்று உறுதி பெறமாட்டார். எடை பார்க்கும் தராசு உண்மையில் ஒழுக்கத்தின் தராசும்கூட. பெரிய போட்டிக்கு முந்தின நாள் ஒரு வீரர் தராசில் ஏறும்போது கிடைக்கும் எண், அவருடைய கடந்த சில மாதங்களின் சுருக்கம்.

ஒரு சொல்லில் முடிந்துபோகாத வாழ்க்கை

ஓர் இரவை வைத்து ஒரு வீரரின் நெஞ்சை எடைபோடுவதில் உள்ள ஆபத்தை ரோபர்ட்டோ டுரானின் கதைபோல வேறெதுவும் சொல்லாது. பனாமா நாட்டின் ஏழைத் தெருக்களில் வளர்ந்தவர். மேடையில் இரக்கமற்றவர் என்று பெயர். 1980 ஜூன் 20ஆம் தேதி மாண்ட்ரியலில் சுகர் ரே லெனார்டை 15 சுற்றில் வென்றார். லெனார்டைச் சீண்டி, கோபமூட்டி, தன் பாணிச் சண்டைக்குள் இழுத்துக்கொண்டதால் கிடைத்த வெற்றி அது.

ஐந்து மாதம் கழித்து, நவம்பர் 25ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸில் மறுபோட்டி. இடையில் கொண்டாட்டத்தில் ஏறிய எடையை அவசரமாகக் குறைத்துவிட்டு வந்திருந்தார் டுரான். லெனார்ட் இம்முறை சீண்டலுக்கு மயங்கவில்லை. சுற்றிச் சுற்றி ஆடினார். ஏழாம் சுற்றில் கையைச் சுழற்றி ஏமாற்றி, முகத்தை நீட்டிக் காட்டிக் கேலி செய்தார். எட்டாம் சுற்று முடியச் சில விநாடி இருக்கும்போது டுரான் திரும்பிக்கொண்டு, இனி வேண்டாம் என்று கையை அசைத்தார். பெரிய காயம் எதுவும் இல்லை. வயிற்றுப் பிடிப்பு என்று பிறகு காரணம் சொன்னார். ஸ்பானிய மொழியில் ‘இனி வேண்டாம்’ என்று பொருள்படும் ‘நோ மாஸ்’ என்ற இரு சொற்கள் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டன. தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் மறுத்தும் பயனில்லை. அடி வலிக்கு அஞ்சாத ஒருவரை அவமானம் வீழ்த்தியது. ரோஷம் மிகுந்தவரின் பலவீனம் எங்கே இருக்கும் என்பதற்கு அது பாடம்.

கதை அங்கே முடியவில்லை. 1983 ஜூன் 16ஆம் தேதி, தன் 32ஆம் பிறந்தநாளில், நியூயார்க்கில் டேவி மூரை எட்டுச் சுற்றில் வென்று இன்னொரு எடைப்பிரிவில் உலகப் பட்டம் பெற்றார் டுரான். அதே ஆண்டு நவம்பரில், தன்னைவிட இயல்பிலேயே பெரிய உடம்புக்காரரான மார்வின் ஹேக்லருடன் 15 சுற்றும் நின்று சிறிய வித்தியாசத்தில் தோற்றார். 1989 பிப்ரவரியில் 37 வயதில், தன்னைவிட உயரமும் இளமையும் கொண்ட இரான் பார்க்லியைப் பதினோராம் சுற்றில் வீழ்த்திப் புள்ளிக் கணக்கில் மிடில்வெயிட் பட்டம் வென்றார். 1980இல் மற்றவர்கள் மூடிவிட்ட கோப்பினை, ஒன்பது வருடம் கழித்து டுரானே திறந்து திருத்தி எழுதினார்.

ஃபோர்மனுக்கு இன்னும் நீண்ட காலம் தேவைப்பட்டது. கின்ஷாசா தோல்விக்குப் பிறகு, எதிராளி பயப்படும்வரைதான் அவருக்குப் பலம் என்று பலர் முடிவுகட்டினார்கள். 1977இல் விலகி, பத்து வருடம் மதப் போதகராக இருந்து திரும்பியவர், 1994 நவம்பர் 5ஆம் தேதி 45 வயதில், புள்ளிக் கணக்கில் பின்தங்கியிருந்த நிலையில், பத்தாம் சுற்றில் மைக்கேல் மூரரை வீழ்த்தி மறுபடி உலக சாம்பியன் ஆனார். கின்ஷாசாவில் பொறுமை இழந்து தோற்ற மனிதர், இருபது வருடம் கழித்துப் பொறுமையாலேயே வென்றார்.

விலகுவது எப்போது கோழைத்தனம் ஆகாது?

2020 நவம்பர் 28ஆம் தேதி லண்டனில் ஜோ ஜாய்ஸுடன் மோதிய இளம் வீரர் டேனியல் டுபுவா, பத்தாம் சுற்றில் ஒரு முழங்காலை ஊன்றி அமர்ந்து, எண்ணிக்கை முடியும்வரை எழவில்லை. பயந்துவிட்டார் என்று முன்னாள் வீரர்கள் சிலரே கடுமையாகப் பேசினார்கள். பரிசோதனையில் அவருடைய இடது கண்குழி எலும்பு உடைந்திருந்தது தெரிந்தது. தொடர்ந்திருந்தால் பார்வையே போயிருக்கலாம். நான்கு வருடம் கழித்து, 2024 செப்டம்பர் 21ஆம் தேதி வெம்பிளியில் 90,000 பேருக்கு மேல் கூடியிருந்த அரங்கில், அதே டுபுவா முன்னாள் உலக சாம்பியன் ஆண்டனி ஜோஷுவாவைத் திரும்பத் திரும்ப வீழ்த்தி ஐந்தாம் சுற்றில் முடித்தார். முழங்காலை ஊன்றிய அந்த இரவு அவருடைய கண்ணைக் காப்பாற்றியது. வெம்பிளி இரவு அதனால்தான் சாத்தியமானது.

விலகத் தெரியாத வீரர்களுக்காக விலகும் முடிவை எடுப்பது பயிற்சியாளரின் கடமை. 1975 அக்டோபர் 1ஆம் தேதி மணிலாவில் அலியும் ஜோ ஃப்ரேசியரும் 14 சுற்று ஆடி முடித்தபோது ஃப்ரேசியரால் எதிராளியின் குத்து வருவதைப் பார்க்க முடியவில்லை. அவர் 15ஆம் சுற்றுக்குப் போகத் துடித்தார். பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் போகவிடவில்லை. போட்டிகளின்போது வீரர்கள் இறந்ததை நேரில் பார்த்தவர் அவர். அன்று ஃப்ரேசியரின் மனவுறுதியில் குறை கண்டவர் யாரும் இல்லை. ஃபட்ச் செய்தது தவறு என்று சொன்னவர்களும் மிகக் குறைவு.

அப்படித் தடுக்கும் கை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 1982 நவம்பர் 13 காட்டியது. லாஸ் வேகாஸில் ரே மான்சினியை எதிர்த்த தென் கொரிய வீரர் கிம் டுக்-கூ, அடி மேல் அடி வாங்கியும் பின்வாங்காமல் 14ஆம் சுற்றுவரை வந்தார். அந்தச் சுற்றில் விழுந்தவர் மூளையில் ரத்தக்கசிவால் சில நாளில் இறந்தார். பட்டப் போட்டிகள் 15 சுற்றிலிருந்து 12ஆகக் குறைக்கப்பட்டதற்கு அந்த மரணமே முக்கியத் தூண்டுதல். சாகும்வரை நிற்பதை மனவுறுதியின் உச்சமாகக் கொண்டாடும் பழக்கம் இந்த விளையாட்டின் மிக மோசமான பழக்கம். அதைக் கைவிட வேண்டிய பொறுப்பு மேடையில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, கயிற்றுக்கு வெளியே இருந்து கத்துபவர்களுக்கும் உண்டு.

தேர்வு செய்பவர்களின் கண்

வீரரைத் தவறாக எடைபோட்ட கதைகள் இந்தியாவிலும் உண்டு. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு மணிப்பூர் வீரர் டிங்கோ சிங் முதலில் அணியிலிருந்து நீக்கப்பட்டார். மனமுடைந்து அளவுக்கு மீறிக் குடித்து நினைவிழந்தார். பிறகு அணியில் சேர்க்கப்பட்டார். பாங்காக் போன டிங்கோ, அரையிறுதியில் தாய்லாந்தின் சொந்த மண்ணிலேயே அந்நாட்டு வீரர் சொந்தயா வோங்பிரதேசை வென்று, இறுதியில் உஸ்பெகிஸ்தான் வீரரை வீழ்த்தித் தங்கம் கொண்டுவந்தார். நீக்கப்பட்டபோது உடைந்த மனமும், சில வாரத்தில் தங்கம் வென்ற மனமும் ஒரே மனம்தான். உணர்ச்சி மிகுந்தவர் பலவீனமானவர் என்ற எளிய கணக்கு இங்கே பொய்த்துப்போனது.

கேரளத்தின் கே.சி. லேகா 2006ஆம் ஆண்டு டெல்லியில் நடந்த மகளிர் உலகப் போட்டியில் 75 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். மேரி கோமும் தங்கம் வென்ற போட்டி அது. இந்திய அரசின் தியான்சந்த் விருது லேகாவைத் தேடி வந்ததோ 2021ஆம் ஆண்டுதான். பெண்களுக்கு ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையே சேர்க்கப்படாத காலத்தில், பணமும் புகழும் கிடைக்குமா என்றே தெரியாமல் பயிற்சி செய்தவர்களின் உறுதி இன்னொரு வகை. அதை எந்தச் சுற்றிலும் பார்க்க முடியாது.

பெரிய போட்டிக்கு யார் தகுதி?

டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்ற நான்கு அமைப்புகளும் ஒவ்வோர் எடைப்பிரிவுக்கும் தனித்தனித் தரவரிசை வெளியிடுகின்றன. முன்வரிசையில் இருப்பவரைச் சாம்பியன் குறித்த காலத்துக்குள் சந்தித்தாக வேண்டும். இது விதி. நடைமுறையில் பணமும் பெயரும் வரிசையை அடிக்கடி முந்திவிடுகின்றன. டிக்கெட் விற்கத் தெரிந்தவர் மேலே வருவார். திறமையும் ஆபத்தும் சேர்ந்தவரைப் பலர் தவிர்ப்பார்கள். ஆகவே ஒருவருக்குப் பெரிய போட்டி கிடைத்தது என்பதே தகுதிக்குச் சான்று ஆகாது. கிடைக்கவில்லை என்பது தகுதியின்மைக்கும் சான்று ஆகாது.

நேர்மையான அளவுகோல் நான்கு வகை எதிராளிகளிடம் இருக்கிறது. பலமாகக் குத்துபவர் ஒருவர், தந்திரம் தெரிந்த மூத்தவர் ஒருவர், கோணம் மாறி நிற்கும் இடக்கைக்காரர் ஒருவர், கடைசிவரை விடாமல் துரத்துபவர் ஒருவர். இந்த நால்வரையும் சந்தித்து, அதில் ஒரு போட்டியாவது எதிராளியின் ஊரில் நடந்து, ஒன்றிலாவது பின்தங்கி மீண்டவர் என்றால் அவரைப் பெரிய மேடைக்கு அனுப்பலாம். அவற்றில் ஒன்றில் தோற்றிருந்தாலும் குறையில்லை. தோல்விக்குப் பிறகு அவர் எவ்வளவு காலத்தில், எந்தத் தரத்து எதிராளியோடு, என்ன திருத்தத்தோடு திரும்பினார் என்பது தோல்வியைவிட முக்கியமான செய்தி. எளிய எதிராளிகளைத் தேடிப் போனவரையும் அதே தரத்தில் மறுபடி மோதியவரையும் ஒன்றாக எண்ண முடியாது.

கடைசியாக அவரைச் சுற்றியிருப்பவர்களைப் பார்க்க வேண்டும். உண்மையைச் சொல்லும் பயிற்சியாளர், எடையை வைத்து ஏமாற்றாத பயிற்சிக் கூடம், வேண்டிய நேரத்தில் துண்டை எறியத் தயங்காத மூலை. இந்த மூன்றும் இருந்தால் வீரர் துணிந்து ஆடலாம். எல்லை மீறினால் நிறுத்த ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை அவருக்கு இருக்கும். இவை இல்லாத வீரரை, அவர் எவ்வளவு ரோஷக்காரராக இருந்தாலும், பெரிய போட்டிக்கு அனுப்புவது அவர் உயிரோடு ஆடும் சூதாட்டம்.